கிழிந்த பேண்ட்டுக்கு என்ன விலை?

1941 டிசம்பர். ஜெர்மனியில் டோஸல்-வார்பர்க் என்ற இடத்தில் ஒரு போர்க்கைதிகள் முகாம். உள்ளே ஒரு பிரிட்டிஷ் மேஜர். பெயர் அலெக்ஸிஸ் காஸ்டாக்லி. கிரீட் தீவுச் சண்டையில் பிடிபட்டவர். கைதிக்கு என்ன வேலை? காலையில் எண்ணுவார்கள், சாயங்காலம் எண்ணுவார்கள். நடுவில் பொழுது போகவேண்டுமே! சக கைதி ஒருவர் ஒரு துண்டு கான்வாஸ் துணி கொடுத்தார். நூல்? கூட இருந்த வயசான கிரீட் ஜெனரலின் புல்லோவர் நைந்து பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிவப்பும் நீலமுமாக நைஸாக உருவிக்கொண்டார். ஆரம்பித்தார் எம்பிராய்டரி!

நடுவில் தன் பெயர், கைதி நம்பர், முகாம், மாதம், வருஷம். சுற்றிலும் சிங்கம், கழுகு, ஸ்வஸ்திகா, அரிவாள் சுத்தியல் என்று யாருக்கும் மனஸ்தாபம் வராதபடி எல்லாக் கட்சிச் சின்னமும். ஓரத்தில் அழகுக்காகப் புள்ளியும் கோடுமாக பார்டர். ஜெர்மன்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. 'பாருங்கள், நம் கைதிகள் எவ்வளவு சந்தோஷமாகப் பூப்போடுகிறார்கள்!' என்று அதைக் காட்சிக்கு வைத்தார்கள். மேஜரை வேறு முகாமுக்கு மாற்றினால் அங்கேயும் மாட்டினார்கள். இப்படி நாலு வருஷம்.

அந்தப் புள்ளியும் கோடும் சும்மா இல்லை ஸார். மோர்ஸ், அதாவது தந்தி பாஷை. ஒரு வரிசையில் 'கடவுளே, எங்கள் அரசரைக் காப்பாற்று.' இன்னொரு வரிசையில் ஹிட்லரின் பெயர், அதற்கு முன்னால் இங்கிலீஷில் ஒரு நாலெழுத்து வார்த்தை. (இது குடும்பப் பத்திரிகை. நாலெழுத்து என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) நாலு வருஷம் அந்த வசவின் முன்னால் ஜெர்மன் ஆபீஸர்கள் நின்று ரசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் படிக்கத் தோன்றவில்லை. துணியில் பூவேலை என்றால் அதில் விஷயம் எதுவும் இருக்காது என்ற நினைப்பு.

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே நினைப்புதான். ஊசி, நூல், எம்பிராய்டரி என்றால் உடனே பக்கத்தைப் புரட்டி சினிமா செய்திக்குப் போய்விடுகிறோம். 'லேடீஸ் சமாச்சாரம்ப்பா!' அந்த மேஜர், முகாமில் நாற்பது ஆபீஸர்களுக்குத் தையல் வகுப்பே நடத்தினார். எல்லாம் மீசை வைத்த பார்ட்டிகள். ஊரிலிருந்த மகனுக்கு ஒரு கடிதத்தையே ஊசியால் தைத்து அனுப்பினார். உன்னைப் பார்த்து 1,581 நாளாகிறது, அடுத்த தடவை பார்க்க இவ்வளவு நாள் ஆகாது என்கிற மாதிரி. எண்ணி எண்ணித் தைத்திருக்கிறார். பேனாவால் எழுதினால் அரை நிமிஷம். ஊசியால் எழுதும்போது அந்த எண்ணை எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும்!

* * *

எம்பிராய்டரி பண்ணுகிறவர்களைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். 'இந்த டிசைன் எல்லாம் எங்கிருந்து பிடிக்கிறீங்க?' கதாசிரியர்களிடம் கேட்பார்களே, 'கரு எங்கே கிடைக்குது?' என்று. அதே கேள்வி. கடையில் டிசைன் புஸ்தகம் விற்கிறார்கள். மயில், மாங்காய், ரோஜா, கூடையில் பூனைக்குட்டி. டிரேஸ் எடுத்துத் தைத்தால் ஆச்சு. ஆனால் உலகத்திலேயே பெரிய பெரிய மியூசியங்கள் போட்டி போட்டுக்கொண்டு மாட்டின சில துணிகளுக்கு டிசைன் வந்த இடம் புஸ்தகம் இல்லை. கிழிந்த பேண்ட். முழங்கால் நைந்துபோன, சேறு பிடித்த, வயல் வேலை பேண்ட்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம். அலபாமா ஆறு ஒரு இடத்தில் ஹேர்பின் மாதிரி வளைகிறது. அந்த வளைவுக்குள் மூன்று பக்கமும் தண்ணீரோடு ஒரு ஊர். கீஸ் பெண்ட். 'கீ' என்பவர் 1816-ல் பருத்திப் பண்ணை வைத்த வளைவு, அவ்வளவுதான் பெயர்க் காரணம். அப்புறம் பண்ணை பெட்வே என்பவர் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து நூறு பேர் போல அடிமைகளை நடத்தியே கூட்டிவந்தார். இன்றைக்கும் அந்த ஊரில் நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான். சொந்தக்காரர்கள் என்பதற்காக இல்லை. முதலாளி பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. (தபால்காரர் பாடு என்னவோ!)

அடிமை முறை ஒழிந்த பிறகும் அதே நிலத்தில் குத்தகை, அதே பருத்தி, கூடவே கடன். 1932-ல் கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோனார். அவர் வீட்டார் ஆட்களை அனுப்பி, அறுபது குடும்பங்கள் போல, மாடு, கோவேறு கழுதை, கலப்பை, கோழி, சோளம் என்று எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். கணக்குப் பாஷையில் ஜப்தி. அந்தக் குளிர்காலத்தை அந்த ஜனங்கள் எப்படித் தாண்டினார்கள் என்பது தனிக் கதை.

மரக்கட்டை வீடு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் சந்து. காற்று விசில் அடிக்கும். சந்தை அடைக்கச் சுவர் முழுக்கப் பழைய நியூஸ்பேப்பர், பத்திரிகைத் தாள் ஒட்டியிருப்பார்கள். 1937-ல் ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற போட்டோகிராபரை அரசாங்கம் அங்கே அனுப்பிப் படம் எடுக்கச் சொன்னது. அந்தப் படங்களில் பாருங்கள். சுவரெல்லாம் கட்டம் கட்டமாக, கோணல்மாணலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தாள்கள். குழந்தைகள் கண் விழித்ததும் பார்த்தது அந்தக் கட்டங்களைத்தான். டிசைன் புஸ்தகம் சுவரிலேயே இருந்தது.

அந்த வீடுகளில் குளிருக்குப் போர்த்திக்கொள்ள குயில்ட் தைப்பார்கள். குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணி சேர்த்துத் தைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடே நூலோட்டம். பஞ்சு, ஜின்னிங் மில் தரையில் கூட்டி எடுத்தது. அடித்துணி, உர மூட்டைச் சாக்கு. முகத்துக்கு? புதுத் துணிக்குக் காசு ஏது? தேய்ந்த ஓவரால், தேய்ந்த காக்கி, தேய்ந்த டெனிம், குழந்தைகளுக்குச் சின்னதாகிப்போன கவுன்.

இந்த இடத்தில் பி.காம். படித்தவனுக்கு ஒரு சந்தோஷம் வருகிறது. அக்கவுண்ட்ஸில் டிப்ரிஸியேஷனுக்குத் தமிழ் 'தேய்மானம்'. என்ன அருமையான வார்த்தை! வாங்கின நாளிலிருந்து ஒரு சாமான் தேய்ந்துகொண்டே வரும். வருஷா வருஷம் மதிப்பைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் 'ஸ்க்ராப் வேல்யூ' என்று ஒரு சொற்பத் தொகையை எழுதிக் கணக்கை மூடுவோம். கீஸ் பெண்ட் அம்மாக்கள் இதைத் தலைகீழாகப் போட்டார்கள். பேண்ட்டின் பின்பாக்கெட்டைப் பிரித்து எடுத்தால் அடியில் வெயில் படாத சதுரம் கருநீலமாகப் புதுசு போல இருக்கும். சுற்றிலும் வெளுத்த நீலம். முழங்காலில் வெள்ளை. மடிப்பில் ஒரு கோடு. அந்தப் பாக்கெட் நிழலை அவர்கள் வெட்டி எறியவில்லை. அதையே டிசைனாக வைத்துத் தைத்தார்கள். பத்து வருஷம் வெயில் போட்ட சாயம் அது. எந்த டெக்ஸ்டைல் மில்லாலும் முடியாத ஷேடு. தேய்மானத்தை வரவுப் பக்கத்தில் எழுதின ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வேலை நடக்கிற முறையும் எனக்குப் பிடித்தது. மேல் முகத்தை ஒவ்வொருத்தரும் அவரவர் வீட்டில் தனியாக யோசித்துச் சேர்ப்பார்கள். அதில் யாரும் தலையிடக் கூடாது. அப்புறம் பஞ்சு வைத்து நூலோட்டம் போடுவதற்கு மட்டும் எல்லாரும் கூடி, பாட்டுப் பாடிக்கொண்டு, சுற்றி உட்கார்ந்து முடிப்பார்கள். யோசிப்பது தனியாக, உழைப்பது கூட்டாக. நம் ஆபீஸ்களில் கமிட்டி போட்டு யோசித்துவிட்டு, கடைசியில் ஒரு டைப்பிஸ்ட் தலையில் உழைப்பைக் கட்டுகிறோம். அதனால்தான் சர்க்குலர்கள் சர்க்குலர் மாதிரி இருக்கின்றன.

'ஹவுஸ்டாப்' என்று ஒரு வகை அங்கே பிரசித்தம். நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதற்கு ஒரு பக்கம் ஒரு பட்டை, அடுத்த பக்கம் ஒரு பட்டை, சுற்றிச் சுற்றிப் பெரிதாக்கிக்கொண்டே போகவேண்டியது. மேலிருந்து பார்த்தால் கூரை மாதிரி. ரூல் அவ்வளவுதான். ஸ்கேல் வைக்கமாட்டார்கள். பட்டை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி. சிவப்பு தீர்ந்துபோச்சா, மீதிக்கு நீலம். ஆச்சரியம் என்னவென்றால் அந்த 'தீர்ந்துபோச்சு' இடம்தான் கண்ணை இழுக்கிறது. மேரி லீ பெண்டால்ஃப் என்ற அம்மாள், டிசைன் எங்கிருந்து கிடைக்கிறது என்பதற்குச் சொன்ன பதில் சர்ச்சுக்கு வருகிறவர்களின் உடுப்பு, ரோட்டோரத்துக் களஞ்சியம் என்று போகிறது. போகிற வருகிற வழியில் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்கிற தினுசு. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் தூங்குகிற ஜாதி நாம்.

* * *

கொஞ்சம் கனமான விஷயம் ஒன்று. 1942. மிஸ்ஸூரி பெட்வே என்ற அம்மாளின் கணவர் நத்தானியேல் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்ட பேண்ட், சட்டை எல்லாம் கொடியில் கிடக்கிறது. அந்த அம்மாள் மகள் அர்லோன்ஸியாவைக் கூப்பிட்டு, இதையெல்லாம் வெட்டி ஒரு குயில்ட் தைத்து, அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு தூங்கப்போகிறேன் என்றார். இருவரும் உட்கார்ந்து தைத்தார்கள். நீலம், சாம்பல், பழுப்பு, நடுவில் கொஞ்சம் சிவப்பு. நான் அதன் போட்டோவைத்தான் பார்த்திருக்கிறேன். கறையும் ஒட்டும் அப்படியே இருக்கின்றன. துவைத்துத் துவைத்தும் போகாத கறை. அதை மறைக்க அவர் முயற்சியே செய்யவில்லை.

நம் வீடுகளில் இறந்தவர் துணியை யாருக்காவது கொடுத்துவிடுவோம். ஒன்றிரண்டு மட்டும் பீரோவின் அடித்தட்டில், நாப்தலின் உருண்டையோடு மடித்துக் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அம்மா எடுத்து உதறிவிட்டுத் திரும்ப வைப்பாள். மிஸ்ஸூரி பெட்வே உள்ளே வைக்கவில்லை. மேலே போர்த்திக்கொண்டார். எது சரி என்று சொல்ல நான் யார்!

* * *

இனி பணம். (காமர்ஸ்காரன் இதற்கு வராமல் இருக்கமுடியுமா?)

அந்த ஊர் ஜனங்கள் ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் நகரத்துக்குப் போய் வோட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்க முயன்றார்கள். கறுப்பர்களுக்கு ஓட்டா என்று எதிர்ப்பு. 1962-ல் படகையே நிறுத்திவிட்டார்கள். படகில் கொஞ்ச தூரம், ரோடு வழியாகச் சுற்றிப் போனால் நாற்பது மைலுக்கு மேல். நிறுத்தின படகு மறுபடி ஓடியது எந்த வருஷம் தெரியுமோ? 2006. நாற்பத்து நாலு வருஷம்! 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கே வந்து பேசினார். 1968-ல் அவர் இறுதி ஊர்வலத்தில் வண்டி இழுத்தவை அந்த ஊர்க் கோவேறு கழுதைகள்.

ஓட்டுக் கேட்டவர்களுக்கு வேலை போயிற்று, குடியிருந்த வீடு போயிற்று. அப்போது ஒரு பாதிரியார் அந்தப் பக்கம் வந்தார். பிரான்சிஸ் வால்டர். கொடியில் காய்ந்த குயில்ட்களைப் பார்த்தார். ஒன்று பத்து டாலர் என்று வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். அதிலிருந்து 1966-ல் 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு பிறந்தது. 1972-ல் சியர்ஸ் கம்பெனி கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்க ஆர்டர் கொடுத்தது. அளவு பிசகாமல், ஒன்று போல இன்னொன்று. அந்த ஆர்டர் சம்பளம் கொடுத்தது, கலை கொடுக்கவில்லை. ஆனால் வெட்டின மிச்சம் இருக்கிறதே, கார்டுராய்த் துண்டு, கோணல் கோணலாக, பச்சை, தங்கமஞ்சள், செக்கச் சிவப்பு! அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அவரவர் இஷ்டத்துக்குத் தைத்தார்கள். ஆபீஸ் நேரத்தில் தலையணை உறை, வீட்டுக்கு வந்து மியூசியம் அயிட்டம். குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டே ராத்திரியில் கதை எழுதுகிற நண்பர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் வில்லியம் ஆர்நெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் வருகிறார். ஒரு புஸ்தகத்தில் ஒரு போட்டோ. விறகுக் குவியல் மேல் ஒரு குயில்ட். அதைத் தைத்த ஆனி மே யங் என்ற பாட்டியைத் தேடிக்கொண்டு ஒருநாள் இரவு வீட்டுக் கதவைத் தட்டினார். பாட்டி, 'அதுவா? போன வாரம் சிலதை எரித்தேனே, அதில் போயிருக்கும்' என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். எதற்கு எரித்தார்? கொசு விரட்ட! பஞ்சுப் புகைக்குக் கொசு போகும். மறுநாள் கட்டிலுக்கு அடியில், அலமாரியில் எல்லாம் துழாவி எடுத்து, 'சும்மாவே கொண்டுபோங்க' என்றார். ஆர்நெட் அதற்கும் இன்னும் சிலவற்றுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் டாலருக்குச் செக் எழுதினார். பாட்டி நேராக பேங்க்குக்குப் போனார். (புத்திசாலி.)

2002-ல் ஹூஸ்டன் மியூசியத்தில் கண்காட்சி. அதே வருஷம் நியூயார்க்கில் விட்னி மியூசியம். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மத்தீஸையும் பால் க்ளேயையும் இழுத்து ஒப்பிட்டுப் புகழ்ந்தார். 2006-ல் அமெரிக்கத் தபால் துறை பத்து ஸ்டாம்ப் வெளியிட்டது. கொசுவர்த்தியாகப் போயிருக்கவேண்டிய சாமான்!

இங்கே கதை முடிந்தால் சினிமா. வாழ்க்கையில் அடுத்த ரீல் உண்டு. 2007-ல் அதே ஆனி மே யங் உள்பட மூன்று பெண்கள் ஆர்நெட் தரப்பு மேல் கேஸ் போட்டார்கள். எங்கள் டிசைனை விரிப்பு, ஜமக்காளம் என்று அச்சடித்து விற்கிறீர்களே, எங்கள் பங்கு எங்கே? ஆர்நெட் தரப்பு, நாங்கள் தப்பே செய்யவில்லை என்றது. 2008-ல் சமரசம். என்ன தொகை, என்ன நிபந்தனை என்பதை வெளியே சொல்லவில்லை. நல்லவர் கெட்டவர் என்று பிரித்துப் பார்க்கிற விவகாரம் இல்லை இது. ஆர்நெட் தேடிப்போகாவிட்டால் உலகத்துக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தபின் வந்த காசில் தைத்தவளுக்கு எத்தனை பங்கு என்று யாரும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. துணிக்கு ரசீது உண்டு, டிசைனுக்கு ரசீது கிடையாது. நண்பர்களே, உங்களில் யாராவது போஸ்டர் வரைகிறவர், ஜோக் எழுதுகிறவர், சாஃப்ட்வேர் எழுதுகிறவர் இருந்தால் 'எல்லா உரிமையும்' என்று ஆரம்பிக்கிற பாராவை ஒருதடவை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

* * *

நம் தெருவுக்கு வருவோம். பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுக்கிற பாத்திரக்காரர் எங்கள் பக்கம் இன்னும் வருகிறார். அவர் வைத்திருக்கிற ரேட் கார்டு எந்தப் பொருளாதார நிபுணருக்கும் புரியாது. நாலு நல்ல பேண்ட், இரண்டு சட்டை, ஒரு புடவை கொடுத்தால் ஒரு டபரா. 'இந்த பேண்ட் முட்டி போச்சும்மா, இது கணக்குல வராது' என்பார். அவரைப் பொறுத்தவரை முட்டி போனால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு நிலை உண்டு, கரித்துணி.

எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கிற பெரியவரிடம் இந்த அமெரிக்க மகாத்மியத்தைச் சொன்னேன். காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்.

''கோணலா தைச்சதுக்கா தம்பி இவ்ளோ பேரு?''

''ஆமாம் பாய். கோணல்தான் அழகுங்கறாங்க.''

''நான் போன மாசம் ஒரு பேண்ட் கோணலா தைச்சேன். அந்தாளு சண்டைக்கு வந்துட்டாரு.''

''அது வேற கோணல் பாய்.''

''கோணல்ல என்ன தம்பி வேற கோணல்?''

பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. அளவெடுத்துச் செய்யவேண்டிய இடத்தில் பிசகினால் கோணல். அளவே இல்லாத இடத்தில் கண் போன போக்கில் போனால் கை. இப்படிச் சொன்னதும் அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை.

கண் என்றதும் நீலகிரி தோடர்கள் ஞாபகம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலில் தோடர் பெண்கள் போடும் பூத்தையலைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி போனால் ஷாலாக விற்கிறார்கள். அதற்கு பென்சில் கோடு கிடையாது. சட்டம் கிடையாது. டிரேஸிங் பேப்பர் கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே போடுகிறார்கள். அதுவும் துணியின் பின்பக்கத்திலிருந்து. நெய்ததோ தைத்ததோ என்று சந்தேகம் வருகிற மாதிரி இருக்கும். பூத்குளி என்கிற அந்தப் போர்வையை ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்வார்கள். இறந்தவரைப் போர்த்துவதற்கும் அதுதான். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியில் மெஷினில் போட்ட நகலும் விற்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; நூல் எண்ணிப் போட்டதா, இல்லையா என்று அது சொல்லிவிடும்.

ஆம்பளைக்கு எதற்கு ஊசி என்கிறவர்களுக்கு இன்னொன்று. ஜப்பானில் பழைய எடோ நகரம், இப்போதைய டோக்கியோ, அடிக்கடி தீப்பிடிக்கும். எல்லாம் மர வீடு. தீயணைப்புக்காரர்கள் போட்ட கோட், பல அடுக்குப் பருத்தியை நெருக்கி நெருக்கி நூலோட்டம் போட்டுத் தைத்தது. சாஷிகோ தையல். அதைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு நெருப்புக்குள் புகுவார்கள். கோட்டுக்கு வெளிப்பக்கம் சாதா. உள்பக்கம் டிராகன், வீரன், அலை என்று பிரமாதமான படங்கள். தீயை அணைத்ததும் கோட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்வலம்! வேலை நடக்கும்போது உள்ளே டிராகன், முடிந்தபின் வெளியே டிராகன். நாமெல்லாம் வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே டிராகனை வெளியில் போட்டுக்கொள்கிறோம்.

* * *

சரி, ஆசை வந்துவிட்டதா? மேன்ஷனில் குடியிருக்கிற பிரம்மச்சாரிக்கும் முடிகிற காரியம்தான். தேவை: முட்டி போன ஜீன்ஸ் ஒன்று. உள்பக்கம் ஒட்டுக்கு ஒரு பழைய காட்டன் சட்டைத் துண்டு, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிதாக. எம்பிராய்டரி நூல் கண்டு ஒன்று. அதில் ஆறு இழை சேர்ந்திருக்கும். மூன்றைப் பிரித்து எடுத்தால் ஊசியில் நுழையும். ஒட்டை உள்ளே வைத்துக் குண்டூசி குத்துங்கள். மேலிருந்து கீழே ஒரு நூலோட்டம், கால் அங்குலம் தள்ளி அடுத்தது, இப்படியே வரிசை வரிசையாக. நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள், துணி சுருங்கும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் கொஞ்சம் தொளதொளவென்று விடுங்கள். கிழிசலை மறைக்கவேண்டாம். நீல ஜீன்ஸில் வெள்ளை நூல் பளிச்சென்று தெரியட்டும்.

வரிசை நேராக வந்தபிறகு டிசைனுக்கு வாருங்கள். எங்கே பார்ப்பது? உங்கள் ஜன்னல் கிரில்லைப் பாருங்கள். வாசலில் போட்டிருக்கிற புள்ளிக் கோலத்தைப் பாருங்கள் (கோலத்தை மட்டும்). மின்சார ரயில் ஸ்டேஷனில் மாட்டியிருக்கிற ரூட் மேப், அடுத்த வீட்டு மொட்டைமாடியில் காய்கிற துணிகள். லுங்கிக்கும் பாவாடைக்கும் நடுவில் ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம். அதுவே ஒரு குயில்ட்தான்.

நூலோட்டம் என்பது புள்ளியும் கோடும்தானே? சின்னத் தையல் புள்ளி, பெரிய தையல் கோடு. மூன்று புள்ளி என்றால் எஸ், மூன்று கோடு என்றால் ஓ. கைக்குட்டை ஓரத்தில் உங்கள் மேனேஜரைப் பற்றிய மனம் திறந்த அபிப்பிராயத்தை பார்டராகப் போட்டு, அவர் பிறந்த நாளுக்கு அவருக்கே கொடுக்கலாம். தந்தி ஆபீஸ் 2013-லேயே மூடியாகிவிட்டது, படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இருந்தாலும், அவர் கப்பல், ராணுவம், தபால் தந்தி எதிலாவது முன்னால் வேலை பார்த்தவரா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

சிவப்பு நூல் எடுப்பதானால் தைப்பதற்கு முன்பே ஒரு மக்கு வெந்நீரில் போட்டு எடுத்துவிடுங்கள். சில கண்டு முதல் தண்ணீரில் சாயம் விடும். ரூம்மேட்டின் வெள்ளை பனியன் ஊறுகிற பக்கெட்டில் மட்டும் போடாதீர்கள்.